வாரம் நான்கு பவுண்ட்: வால்டர் டல் ஆடிய ஊர்கள்

அக்டோபர் 11, 2024, வெள்ளி – ஈஸ்ட் ஹாம்

லண்டன் குளிரைப் பற்றி ஊரே எச்சரித்து அனுப்பியது. ஈரத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. 11 டிகிரி, விடாத தூறல். நேற்று துவைத்த சாக்ஸ் இன்னும் ஹீட்டர் மேல் கிடக்கிறது.

தங்கியிருப்பது பெரியம்மா மகன் வீட்டில். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் பாதி நேரம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கட்டுக்கட்டாக முருங்கைக்காய், யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் இடியாப்பப் பார்சல், தங்கம் கிராம் விலை எழுதிய பலகை. மசாலா தோசை 6 பவுண்ட். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார். பெருக்கினேன். 660 ரூபாய்.

சரஸ்வதி பூஜை என்பதால் சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போனோம். சுண்டல் வரிசையில் நிற்கும்போதுதான் என் திட்டத்தை அண்ணனிடம் சொன்னேன். இந்தப் பயணத்தில் அரண்மனை, மெழுகு பொம்மை எதுவும் பார்க்கப் போவதில்லை. வால்டர் டல் என்ற கால்பந்தாட்டக்காரர் வாழ்ந்த, ஆடிய இடங்களைச் சுற்றப் போகிறேன்.

"டல்லா? அந்த ஆர்மி ஆபீசர்தானே? பசங்களுக்கு அக்டோபர் மாசம் ஆனா ஸ்கூல்ல அவரைப் பத்தி பாடம் வரும்" என்றார் அண்ணன். இங்கே அக்டோபர் கறுப்பின வரலாற்று மாதம். சின்னவள் உடனே ஒப்பித்தாள்: 1888இல் ஃபோக்ஸ்டனில் பிறந்தார், அப்பா பார்படோஸ் தீவுக்காரர், போரில் அதிகாரி ஆனார், 1918இல் பிரான்சில் இறந்தார்.

"பந்து ஆடினாரே, அது?"

"ஆமா, ஸ்பர்ஸ்ல கொஞ்ச நாள்."

ஸ்பர்ஸ் என்பது டாட்டன்ஹாம் அணியின் செல்லப் பெயர். இந்தக் 'கொஞ்ச நாள்'தான் என் பிரச்சினை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்தை உதைத்துச் சம்பளம் வாங்கிப் பிழைத்த ஒரு மனிதர் அவர். சிலையும் பாடமும் அவருடைய கடைசி ஓராண்டைச் சுற்றியே நிற்கின்றன.

அக்டோபர் 12, சனி – பில்லிங்ஸ்கேட், அப்டன் லேன்

அதிகாலை நாலரைக்கு அண்ணன் எழுப்பினார். பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை. கிழக்கு லண்டன் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் அங்கேதான் மொத்தமாக வாங்குவார்களாம். வாசலில் அண்ணி மறித்தார். "புரட்டாசி கடைசி சனி. இன்னிக்கா மீன்?" வாங்கி ஃப்ரீசரில் வைப்பதாகவும், ஐப்பசி பிறக்கும்வரை தொடப்போவதில்லை என்றும் அண்ணன் வாக்குக் கொடுத்தார். ஃப்ரீசரின் எந்தத் தட்டில் வைப்பது என்று இன்னொரு பேச்சுவார்த்தை நடந்தது. நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கேனரி வார்ஃபில் வங்கிக் கோபுரங்களின் காலடியில் ஒரு பெரிய கொட்டகை. உள்ளே வெள்ளைக் கோட்டுக்காரர்கள், தெர்மாகோல் பெட்டிகள், தரை முழுக்க ஐஸ் தண்ணீர். வஞ்சிரம், சங்கரா, கணவாய், பெயர் தெரியாத தட்டை மீன்கள். வஞ்சிரம் கிலோ 12 பவுண்ட் என்றவரிடம் அண்ணன் பத்துக்குப் பேரம் பேசி, பதினொன்றில் முடித்தார். அவர் அண்ணனை 'பாஸ்' என்றார், அண்ணன் அவரை 'பாஸ்' என்றார்.

நான் வந்ததற்குக் காரணம் மீன் இல்லை. 1909 அக்டோபர் 2 அன்று பிரிஸ்டலில் டாட்டன்ஹாம் அணிக்காக டல் ஆடினார். உள்ளூர்க் கூட்டத்தில் ஒரு பகுதி, ஆட்டம் முழுக்க அவருடைய நிறத்தைச் சொல்லித் திட்டியது. அதைப் பார்த்த விளையாட்டு நிருபர் ஒருவர், பில்லிங்ஸ்கேட்டை விடக் கீழான மொழியில் கோழைத்தனமாகத் தாக்கினார்கள் என்று எழுதினார். அந்தக் காலத்தில் கெட்ட வார்த்தைக்கு எல்லை இந்த மீன் சந்தைதான். அன்று களத்தில் இருந்த முன்கள ஆட்டக்காரர்களில் டல்தான் சிறந்தவர் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது.

அப்போது சந்தை தேம்ஸ் கரையில், லோயர் தேம்ஸ் ஸ்ட்ரீட்டில் இருந்தது. இங்கே வந்தது 1982இல். கூடவே மொழியும் மாறிவிட்டது போல. என் கால் கட்டைவிரல்மேல் பெட்டியை இறக்கிய பெரியவர் "சாரி, மை லவ்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். விரல் இன்னும் வலிக்கிறது.

மத்தியானம் வீட்டிலிருந்து நடந்தே அப்டன் லேன் போனேன். ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானம். டல் பிறந்த அதே 1888இலிருந்து இங்கே பந்தாட்டம் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வாசலைக் கண்டுபிடிக்கவே இரண்டு முறை தாண்டிப் போனேன். இப்போது ரசிகர்களே பணம் போட்டு வாங்கிய மைதானம். வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் யார் எவர் என்று கேட்கும் முன்பே தேநீர் வேண்டுமா என்றார். குடித்தேன். காசு வாங்கவில்லை.

டல் இங்கே வந்தது 1908 அக்டோபரில், கிளாப்டன் அணிக்கு. அமெச்சூர் அணி, சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு அவர் கற்ற தொழில் அச்சு வேலை. ஒரே சீசனில் கிளாப்டன் அமெச்சூர் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் எஸ்டன் யுனைடெட்டை 6–0 என்று அடித்தார்கள். லண்டன் சீனியர் கோப்பையும் வந்தது. அந்த சீசனின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இவர்தான் என்று பத்திரிகை எழுதியது. டாட்டன்ஹாம் காத்திருக்கவில்லை. 1909 கோடையில் அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போனது. அச்சுக்கூடத்துப் பையன் கப்பலேறிப் போய் புவெனஸ் ஐரெஸில் பந்து உதைத்திருக்கிறான். திரும்பி வந்ததும் தொழில்முறை ஒப்பந்தம்.

அக்டோபர் 13, ஞாயிறு – பெத்னல் கிரீன், டாட்டன்ஹாம்

மழை. காலையில் பானர் ரோடு. விக்டோரியா பூங்காவுக்குப் போகும் அமைதியான தெரு. இங்கேதான் மெதடிஸ்டுகள் நடத்திய அனாதை விடுதி இருந்தது. அம்மா 1895இல் புற்றுநோயில் போனார். அப்பா டேனியல், தச்சர். பார்படோஸில் அடிமையாயிருந்த ஒருவரின் மகன். இரண்டு ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார். மாற்றாந்தாயால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட முடியவில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் 1898இல் இங்கே வந்தார்கள். 1900இல் எட்வர்டை கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. பிற்பாடு அவர் பல் மருத்துவர் ஆனார். தம்பி இங்கேயே நின்றான். விடுதி அணியில் பந்தாடினான்.

அங்கிருந்து பேருந்தில் டாட்டன்ஹாம். 1.75 பவுண்டுக்கு லண்டனைக் குறுக்கே கடக்கலாம் என்பது இந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று. மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இருந்த சிறுவன் அதைத் தன் இருக்கை என்று நினைத்திருந்தான் போல, வழி முழுக்க என்னை முறைத்துக்கொண்டே வந்தான்.

சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவேளை, அதனால் ஸ்டேடியம் பக்கம் கூட்டம் இல்லை. 62,000 பேருக்கு மேல் உட்காரும் புது ஸ்டேடியம், ஹை ரோட்டுக் கோழிக்கடைகளுக்கும் பந்தயக் கடைகளுக்கும் நடுவில் தரையிறங்கிய விண்கலம் மாதிரி நிற்கிறது. டல் ஆடிய பழைய வைட் ஹார்ட் லேனை 2017இல் இடித்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு நார்தம்பர்லாண்ட் பார்க். 77ஆம் எண்ணில் அவர் பெயரில் வட்டமான நினைவுப் பலகை. மைதானம் கூப்பிடு தூரம். ஆட்டக்காரர்கள் வேலைக்கு நடந்து போன காலம்.

சம்பளம் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1901 முதல் இங்கிலாந்து லீக்கில் யாராயிருந்தாலும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று விதி. ஒப்பந்தம் போடும்போது கையில் தரும் தொகைக்கும் 10 பவுண்ட்தான் உச்சம். டல்லுக்கு இரண்டுமே உச்ச அளவில் கிடைத்தன. தேர்ந்த தொழிலாளி வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பதிலாக ஆளின் பதிவு கிளப்பின் கையில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாமல் வேறு இடத்துக்குப் போக முடியாது. நல்ல கூலி, கழுத்தில் கயிறு.

டாட்டன்ஹாம் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. 1909 செப்டம்பர் 1, சண்டர்லாந்தில் முதல் ஆட்டம், 3–1 தோல்வி. பத்து நாள் கழித்து மான்செஸ்டர் யுனைடெட்டுடன் சொந்த மைதானத்தில் 2–2. டல்லைக் கீழே தள்ளியதற்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பத்திரிகைகள் அவருடைய நிதானத்தையும் பந்தைப் பகிரும் விதத்தையும் மெச்சின. அப்புறம் பிரிஸ்டல். அதன்பின் மெதுவாக ரிசர்வ் அணிக்கு இறக்கப்பட்டார். அந்த சீசனில் லீக்கில் 7 ஆட்டம், அடுத்த சீசனில் 3. கோல் 2. முடிந்தது.

திட்டு வாங்கியவரை உட்காரவைத்தார்கள், திட்டியவர்கள் அடுத்த வாரமும் டிக்கெட் வாங்கி வந்தார்கள். கிளப் இதற்கு ஒரு காரணமும் எழுதி வைக்கவில்லை என்பதால் ஆட்டத் திறனில்தான் ஏதோ குறை என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. ரிசர்வில் தொடர்ந்து நன்றாகத்தான் ஆடினார்.

மழைக்கு ஒரு கரீபியன் பேக்கரியில் ஒதுங்கினேன். காய்கறி 'பாட்டி', நம்ம ஊர் பஃப்ஸ் மாதிரி ஒன்று, 2.50 பவுண்ட். மேல் ஓடு மஞ்சளாக, உள்ளே குடைமிளகாயும் உருளையும், நாக்கைச் சுடும் காரம். கல்லாவில் இருந்த அம்மாவிடம் டல்லின் அப்பா பார்படோஸ் என்று ஆர்வமாகச் சொன்னேன். "நாங்க ஜமைக்கா, டார்லிங்" என்று முடித்துவிட்டார். மீதிச் சில்லறையைக் கையில் வைத்து, குடை இல்லாமல் வந்ததற்கு என்னைக் கண்டித்தார்.

அக்டோபர் 15, செவ்வாய் – நார்த்தாம்ப்டன்

ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய ரயில் மில்டன் கீன்ஸில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறு என்று அறிவித்தார்கள். ஐம்பது நிமிடம். பெட்டியில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எதிரில் இருந்தவர் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நானும் தூக்குவேன். இறங்கும்போது நண்பர்கள் போலப் பிரிந்தோம்.

நார்த்தாம்ப்டன் செருப்பு ஊர். அணியின் செல்லப் பெயரே 'காப்ளர்ஸ்', அதாவது செருப்பு தைப்பவர்கள். 1911 அக்டோபரில் டல் இங்கே வந்தார். கூட்டி வந்தவர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சாம்பியன் ஆக்கிய அதே சாப்மன். அப்போது அவர் சின்ன ஊர் மேலாளர். 1909இல் நார்த்தாம்ப்டனை சதர்ன் லீக் சாம்பியன் ஆக்கியிருந்தார். தானும் முன்பு டாட்டன்ஹாமில் ஆடியவர். ரிசர்வில் கிடந்த ஆளைக் கணிசமான தொகை கொடுத்து வாங்கினார்.

முதலில் நேராக ஆபிங்டன் பக்கம் கவுன்டி கிரவுண்டுக்குப் போனேன். டல் ஆடிய மைதானம். இது கிரிக்கெட் மைதானம்தான். பந்தாட்டத்துக்கு ஒரு ஓரத்தை ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பக்கம் பார்வையாளர்கள், நாலாவது பக்கம் திறந்த புல்வெளி. பந்து அந்தப் பக்கம் போனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1994 வரை இப்படியே ஆடினார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. சீசன் முடிந்ததால் ஆள் அரவமில்லை, புல்லுக்கு ஏதோ மருந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். கேட் இடுக்கில் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இங்கேதான் அவர் 111 ஆட்டங்கள் ஆடினார். முதலில் முன்களத்தில். பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல். வேறு கிளப்தான், ஆனால் ஊர் பிரிஸ்டல். எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு அவரைப் பின்னால் இழுத்து ஹாஃப்-பேக் ஆக்கினார்கள். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்து, தலை நிமிர்ந்து பார்த்து, முன்னால் அனுப்பும் வேலை. கோல் போட்டவர் பெயர் பேப்பரில் வரும், அவருக்குப் பந்து கொடுத்தவர் பெயர் வராது. அதனால்தான் 111 ஆட்டத்துக்கு மொத்தமே 9 கோல். 1912இல் சாப்மன் லீட்ஸுக்குப் போன பிறகும் டல் அணியில் நிலையாக இருந்தார். வாரா வாரம் பெயர் பலகையில் ஏறியது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? நான் இந்த ஊருக்கு வந்தது அந்த 111க்காகத்தான்.

கில்ட்ஹால் முற்றத்தில் சிலை இருக்கிறது. ராணுவ உடையில்.

அணியின் இப்போதைய மைதானமான சிக்ஸ்ஃபீல்ட்ஸ் ஊருக்கு வெளியே. காரில் இருந்தபடியே பர்கர் வாங்கும் கடைகள், சினிமா, பெரிய கார் நிறுத்தம், நடுவில் ஸ்டேடியம். போகும் சாலைக்கு வால்டர் டல் வே என்றே பெயர். ஸ்டேடியம் பக்கத்தில் 1999இல் திறந்த நினைவுக்கல். வெள்ளையர் அல்லாதவர்களுக்குச் சமத்துவம் மறுக்கப் பார்த்த அறியாமையின் தடுப்புகளை அவர் செயலால் எள்ளி நகையாடினார் என்று பொறித்திருக்கிறார்கள். கனமான வாசகம். பின்னால் யாரோ பர்கர் ஆர்டரை மைக்கில் இரண்டாவது தடவை கத்திக்கொண்டிருந்தார்.

புரட்டாசி இன்னும் முடியவில்லை. அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரையைக் கல்லுக்கு எதிர் பெஞ்சில் சாப்பிட்டேன். அந்த வழியாக வந்த காவலாளி ஒருவர், வாசனை நன்றாயிருக்கிறது, என்ன அது என்றார். ஒரு கை கொடுத்தேன். வாயில் போட்டு, தண்ணீர் கேட்டார்.

அக்டோபர் 17, வியாழன் – ஃபோக்ஸ்டன்

கடைசியில் பிறந்த ஊர். காற்று அப்படி ஒரு காற்று, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் கடலுக்குள் நீளும் மேடையில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் என்று நம்பிப் போனேன். வாரநாள், பாதிக்கு மேல் மூடியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் 14 பவுண்ட். ஐப்பசி பிறந்துவிட்டது, மனசாட்சி உறுத்தவில்லை. காட் மீன் சுடச்சுட, மேல்மாவு மொறுமொறு, உப்புதான் கம்மி. வினிகர் பாட்டிலைக் காற்று தட்டிவிட்டதில் என் ஜாக்கெட் இன்னும் ஊறுகாய் வாசம் அடிக்கிறது.

முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். அவர்கள் இறங்கி வந்த சரிவுப் பாதைக்கு ரோடு ஆஃப் ரிமெம்ப்ரன்ஸ் என்று பெயர். அதன் வழியாக ஏற நினைத்தேன். மண் சரிந்ததால் இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து மூடிவிட்டார்களாம், கம்பி வேலி. ஓல்டு ஹை ஸ்ட்ரீட் செங்குத்தில் மூச்சு வாங்க ஏறி, சுற்றிக்கொண்டு மேலே போனேன்.

மேட்டில் போர் நினைவுச் சின்னம். பெயர்களில் அவரும் ஒருவர்.

போர்க் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பள்ளிக்கூடம் மீதியைச் சொல்லும். 1914 டிசம்பரில், நார்த்தாம்ப்டன் ஆட்டக்காரர்களில் முதல் ஆளாக, பந்தாட்டக்காரர்களுக்கென்று திரட்டிய மிடில்செக்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். சார்ஜென்ட் ஆனார், குண்டு அதிர்ச்சியில் மனம் குலைந்து திரும்பினார், மறுபடி போனார். ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவரை அதிகாரி ஆக்குவதற்கு எதிரான விதிகள் ராணுவத்தில் இருந்தும் 1917 மே மாதம் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். இத்தாலியில் பியாவே ஆற்றை இரவில் கடந்து 26 பேரைக் கூட்டிப்போய், 26 பேரையும் திரும்பக் கொண்டுவந்தார். 1918 மார்ச் 25, பிரான்சில் ஃபாவ்ரய் அருகே சுடப்பட்டார். வயது 29. லெஸ்டர் ஃபாஸ் அணியின் பழைய கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம் உடலைத் தூக்கிவரப் பார்த்தார், முடியவில்லை. கல்லறை இல்லை, அராஸ் நினைவுச் சுவரில், உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 35,000 பேரோடு, பெயர் மட்டும். அராஸ் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. என் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இல்லை. அவ்வளவுதான்.

2018இல் போர் முடிந்த நூற்றாண்டுக்குக் கடற்கரை மணலில் வீரர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார்கள். ஃபோக்ஸ்டன் மணலில் வரைந்தது ஒரு போர்க் கவிஞரின் முகம். ஃபோக்ஸ்டன் பையனான டல்லை ஸ்காட்லாந்தில், ஏர் கடற்கரையில் வரைந்தார்கள். அவர் அதிகாரிப் பயிற்சி பெற்றது அந்தப் பக்கம் என்பதால். இதற்காகவும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

செரிட்டன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவருடைய பெற்றோர் கல்லில் அவர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். தேடிக்கொண்டிருந்தபோது நாயோடு வந்த ஒரு பெரியவர் கை காட்டினார். காதில் மிஷின், கழுத்தில் மஃப்ளர்.

"ஸ்பர்ஸ் ரசிகரா?"

"இல்லை, நார்த்தாம்ப்டனுக்காக வந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நார்த்தாம்ப்டனுக்காக யாரும் வந்து நான் பார்த்ததில்லையே. எத்தனை ஆட்டம்?"

"நூற்றிப் பதினொன்று."

"கோல்?"

"ஒன்பது."

"என்ன பொசிஷன்?"

"பெரும்பாலும் ஹாஃப்-பேக்."

நாயின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்போ மோசமில்லை" என்றார்.